எல்க் வேட்டைக்கு ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுத்த எட்டு மாதங்கள்

2016 பெப்ரவரியில் நோர்வேயின் வேட்டையாளர் தேர்வில் சித்தியடைந்த சான்று கைக்கு வந்தபோது என்னிடம் துப்பாக்கி எதுவும் இருக்கவில்லை. பொலிசாருக்கு அனுப்ப வேண்டிய அனுமதி விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, துளைவிட்டம் என்ற ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அந்தத் தாளை இரண்டு மாதங்கள் மேசையிலேயே வைத்திருந்தேன். ஒஸ்தர்டாலன் பள்ளத்தாக்கில் என்னைச் சேர்த்துக்கொண்ட வேட்டைக்குழு ஓகஸ்ட் மாதத்தில் ரோ மானையும் இலையுதிர் காலத்தில் எல்க்கையும் வேட்டையாடும். வளர்ந்த ரோ மான் இருபது முதல் முப்பது கிலோகிராம் வரை இருக்கும். வட அமெரிக்காவில் மூஸ் என்று அழைக்கப்படும் எல்க்கோ நானூறு கிலோகிராமைத் தாண்டக்கூடியது. இரண்டையும் ஒரே துப்பாக்கியால், விலங்குக்கு வீணான வேதனை தராமல் வீழ்த்த எந்தத் தோட்டா உகந்தது என்ற கேள்விக்கு நான் தேடிய விடையின் பதிவு இது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்கிறேன். வன்னியில் என் தாத்தா வைத்திருந்த இடியன் துவக்கில் மருந்து வேறு, சன்னம் வேறு, மருந்துக்குத் தீப்பொறி தரும் கேப்பு வேறு. குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை வைத்து இடித்து, அதன்மேல் சன்னத்தைப் போட்டு மறுபடி இடிப்பார். எவ்வளவு மருந்து, எவ்வளவு சன்னம் என்பது அவருடைய உள்ளங்கைக் கணக்கு. இன்றைய றைபிள் தோட்டாவில் பித்தளைக் கோது, அதன் அடியிலுள்ள கேப்பு, உள்ளேயிருக்கும் வெடிமருந்து, முனையில் பொருத்திய சன்னம் ஆகிய நான்கும் ஒரே பொருளாக அடைக்கப்பட்டு வருகின்றன. ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தெரிவுகள் அடங்கியிருக்கின்றன. துப்பாக்கியை வாங்கும்போதே கோதின் அளவு நிலையாகிவிடுகிறது. சன்னத்தையோ பெட்டிக்குப் பெட்டி மாற்றிக்கொள்ளலாம். நான் தொடக்கத்தில் முதல் தெரிவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது திரும்பிப் பார்க்கையில் உணர்கிறேன்.

சட்டம் எனக்கு ஓர் எல்லைக்கோட்டைத் தந்தது. அந்த ஆண்டு நடைமுறையிலிருந்த விதியின்படி எல்க், செம்மான், காட்டுத் துருவமான் ஆகியவற்றைச் சுடும் சன்னம் விரிவடையும் வகையினதாகவும் குறைந்தது 9 கிராம் எடையுள்ளதாகவும் இருக்க வேண்டும். எடை 9 முதல் 10 கிராம் வரையானால் 100 மீற்றர் தூரத்தில் அதற்கு 2700 யூல் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேற்பட்டால் 2200 யூல் போதும். ரோ மானுக்கு 100 மீற்றரில் 980 யூல் இருந்தால் சரி. இத்தகைய விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுபவை ஆதலால், இதை வாசித்துத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் தம் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த எண்கள் உடனடியாகச் செய்த உதவி, சில பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியதுதான். தோட்டாப் பெயர்களில் புள்ளியுடன் தொடங்கும் எண் துளைவிட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும்; ரோ மானுக்கு அருமையாகப் பொருந்தும் .243 வின்செஸ்டரின் வழக்கமான சன்னம் 6.5 கிராமே, எல்க்குக்கு அதனைப் பயன்படுத்த இடமே இல்லை. எஞ்சியவை 6.5×55 (துளைவிட்டமும் கோதின் நீளமும் மில்லிமீற்றரில்), .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மக்னம் என்ற நான்கு.

பெரிய விலங்குக்குப் பெரிய தோட்டா என்ற எண்ணமே என்னை அப்போது ஆட்கொண்டிருந்தது. காகிதக் கணக்கும் அதற்குத் துணை நின்றது. 11.7 கிராம் சன்னத்தை .300 மக்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 900 மீற்றர் வேகத்தில் செலுத்துகிறது. குழல்வாயில் அதன் சக்தி 4700 யூலைத் தாண்டும். ஏறத்தாழ அதே எடையுள்ள சன்னத்துக்கு .30-06 தருவது 4000 யூலுக்குச் சற்றுக் குறைவு, குட்டையான .308 தருவது 3500 யூல் அளவில், 6.5×55 தன் கனத்த சன்னத்துடன் 3000 யூலையொட்டி நிற்கிறது. இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் முதலாவதைத்தான் விரும்புவார்கள். நானும் விரும்பினேன். எங்கள் குழுத் தலைவர் அதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லாமல், ஏப்பிரல் மாத முதல் வார இறுதியில் மூன்று துப்பாக்கிகளுடன் என்னைச் சுடுகளத்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே நடந்ததை விரிவாக எழுத வேண்டும். மேசையில் சாய்ந்து சுட அவர் என்னை அனுமதிக்கவில்லை. காட்டில் மேசை இருக்காது என்பதால் தரையில் உட்கார்ந்து, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றிச் சுடச் சொன்னார். 100 மீற்றரில் ஒவ்வொரு துப்பாக்கியாலும் ஐந்து வெடிகள். 6.5×55 தந்த ஐந்து துளைகளும் ஏழு சென்ரிமீற்றருக்குள் அடங்கின. .308 தந்தவை ஒன்பது சென்ரிமீற்றருக்குள். .300 மக்னம் தந்தவை பதினெட்டு சென்ரிமீற்றருக்குப் பரவியிருந்தன. அவற்றுள் மூன்று கீழ் வலப்புறம் ஒதுங்கியிருந்தன. துப்பாக்கிக்கும் எனக்கும் இன்னும் பழக்கம் ஏற்படவில்லை என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவொன்றை மற்றவற்றுடன் கலந்து துப்பாக்கியின் தோட்டாப் பெட்டகத்தில் ஏற்றித் தந்தார். இரண்டு வெடிகள் வெடித்தன. மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது வெடிச்சத்தம் எழவில்லை. 'டிக்' என்ற மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. ஆனால் குழல்வாய் ஒரு கையகலம் தாழ்ந்து வலப்புறம் இழுபட்டது. என் இரண்டு கண்களும் மூடியிருந்தன. வராத அடிக்கு என் தோள் முன்கூட்டியே ஒடுங்கியிருந்தது. காகிதத்தில் கீழ் வலப்புறம் ஒதுங்கிய துளைகளுக்கான காரணத்தை என் உடம்பே எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அன்றிரவு பின்னுதைப்பைக் கணக்கிட்டேன். சன்னமும் வெடிவாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது; வாயு வெளியேறும் வேகத்தைச் செக்கனுக்கு 1200 மீற்றர் எனவும் தொலைநோக்கியுடன் துப்பாக்கியின் எடையை 3.6 கிலோகிராம் எனவும் கொண்டால், 6.5×55 தோளுக்குத் தரும் சக்தி 17 யூல், .308 தருவது 21 யூல், .300 மக்னம் தருவது 36 யூல். இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டைச் சுமந்து ஆண்டுக்கு இருநூறு வெடிகள் பயிற்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கையில் அந்தத் தோட்டா சிறப்பாக வேலை செய்யும். என்னால் அது முடியாது. எல்க்கின் நெஞ்சறைக்கு வெளியே, வயிற்றில் பாயும் 4700 யூல், நுரையீரலைக் கடந்து செல்லும் 2400 யூலுக்கு எந்த வகையிலும் ஈடாகாது. முன்னது விலங்கைப் பல மணி நேரம் வதைக்கும். பின்னது சில செக்கன்களில் முடித்துவிடும்.

அதன் பிறகு .308, 6.5×55 என்ற இரண்டில் ஒன்று என்றாகிவிட்டது. 1952இல் சந்தைக்கு வந்த .308 எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். சட்டம் கேட்கும் சக்தியைத் தாராளமாக மிஞ்சும். அதைத் தேர்ந்தெடுக்கும் எவரையும் நான் தடுக்க மாட்டேன். 6.5×55 இந்த நிலத்துக்கே உரியது. சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தபோது, 1890களின் தொடக்கத்தில் இரு நாடுகளும் கூட்டுக்குழு அமைத்து உருவாக்கிய இராணுவத் தோட்டா அது. 1894இல் நோர்வே தன் க்ராக்-யோர்கன்சன் துப்பாக்கிக்கு அதையே ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்துச் சன்னங்கள் நீண்டு கனத்து, உருண்டை முனையுடன், 10 கிராமுக்குச் சற்று மேற்பட்டிருந்தன; அவற்றைச் சுழற்றி நிலைப்படுத்துவதற்காகக் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் உட்புரி 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று என்று இறுக்கமாக வெட்டப்பட்டது. அந்தப் பழைய முடிவின் பயனை இன்றைய வேட்டைக்காரரும் அனுபவிக்கிறார். நீண்ட சன்னம் தன் விட்டத்துக்கு அதிகமான எடையைச் சுமப்பதால், வேகம் குறைவாக இருந்தும் ஆழமாகச் செல்கிறது. மே மாதத்தில் விண்ணப்பத்தின் வெற்றுக் கட்டத்தில் 6.5×55 என்று எழுதினேன். ஜூன் தொடக்கத்தில், 51 சென்ரிமீற்றர் குழலும் ஒலியடக்கியும் கொண்ட துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. ஒலியடக்கியை நோர்வேயில் வேட்டைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காதைக் காப்பதுடன் பின்னுதைப்பையும் அது தணிக்கிறது.

இனிச் சன்னம். கடையில் இரண்டு பெட்டிகள் வாங்கினேன்; ஒன்றில் 9.1 கிராம், மற்றதில் 10.1 கிராம். முன்னதன் அட்டையில் அச்சிட்டிருந்த வேகம் கவர்ச்சியாக இருந்தது. ஆனால் பெட்டியிலுள்ள எண், தொழிற்சாலையின் நீண்ட சோதனைக் குழலில் அளந்தது. என் குழல் குட்டை. சங்கத்தின் வேகமானியை இரவல் வாங்கி, குழல்வாயிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நிறுத்தி, பத்துப் பத்து வெடிகள் சுட்டேன். கனமான சன்னத்துக்குப் பெட்டி சொன்னது செக்கனுக்கு 780 மீற்றர்; எனக்குக் கிடைத்த சராசரி 755. இலேசான சன்னத்துக்கு 790. காற்றுத்தடையால் 100 மீற்றரில் கனமானது 685ஆகவும் இலேசானது 725ஆகவும் குறையும் என்று கணக்கு காட்டியது. எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்தபோது கனமானதற்கு 2370 யூல் வந்தது. இலேசானதற்கு 2390 யூல் வந்தது. சக்தி ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 10 கிராமைத் தாண்டிய சன்னம் 2200 யூல் என்ற தேவையை 170 யூல் மிச்சத்துடன் நிறைவு செய்கிறது. மற்றது 2700 யூலை எட்ட முடியாமல் 310 யூல் குறைந்து நிற்கிறது. ஒரு கிராம் வேறுபாடு, ஒன்றை எல்க் தோட்டாவாக்குகிறது, மற்றதை விலக்கிவிடுகிறது.

இதைச் சட்டத்தின் விசித்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை; காரணத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினேன். மூன்று மாதப் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் குளியல் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு கட்டும் தூக்க முடியாத பாரமாக இருந்தது. அவற்றை நெகிழிப் பெட்டிகளில் இறுக்கி அடுக்கி, சுடுகளப் பொறுப்பாளரின் அனுமதியுடன் மண்மேட்டின் முன்னால் வைத்து, 50 மீற்றரிலிருந்து இரண்டு வகையிலும் மும்மூன்று வெடிகள் சுட்டேன். பிறகு தாள் தாளாகப் பிரித்தெடுத்தேன். மெல்லிய உறை கொண்ட இலேசான சன்னம் முதல் பத்து சென்ரிமீற்றரில் கைமுட்டி அகலத்துக்குக் கிழித்திருந்தது. அங்கே தாள்களெல்லாம் கூழாகி, இடையிடையே ஈயத் துணுக்குகள் சாம்பல் நிறத்தில் மின்னின. 27 சென்ரிமீற்றரில் அது நின்றுவிட்டது. கையில் எடுத்தபோது உறை ஒரு பக்கமாகக் கிழிந்து வெறுமையாக இருந்தது, தராசில் 5.8 கிராம். கனமான சன்னம் ஈயக் கருவும் உறையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒட்டப்பட்ட வகை. அதன் பாதை ஆரம்பத்தில் ஒடுங்கியும், சிறிது தூரத்தில் இரண்டு விரலளவு விரிந்தும், 41 சென்ரிமீற்றர் வரை நேராகச் சென்றிருந்தது. அங்கே அது காளான் குடைபோல் 13 மில்லிமீற்றர் அகலத்துக்கு விரிந்து, அடிப்பகுதி குலையாமல், 9.6 கிராம் எடையுடன் கிடந்தது. ஈரத்தாள் விலங்கின் உடலாகாது என்பது உண்மைதான். எலும்பும் இல்லை, தோலும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே ஊடகத்தில் ஒப்பிடுவதற்கு அது போதும். எல்க்கின் தோள்பட்டையைத் தாண்டி இரண்டு நுரையீரல்களையும் கடக்க வேண்டிய சன்னம் எது என்பதில் எனக்கு அதன்பின் ஐயம் எழவில்லை.

முழுச் செப்புச் சன்னத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விரிவடையும் ஈயச் சன்னம் தன் பாதையைச் சுற்றி நுண்துணுக்குகளை விட்டுச் செல்கிறது. எல்க், மான் இறைச்சியிலிருந்து உடலில் சேரும் ஈயம் பற்றி நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு 2013இல் தனி அறிக்கையே வெளியிட்டிருந்தது. என் வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் செப்பையே விரும்பினேன். ஆனால் செப்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குச் சன்னம் மிகவும் நீண்டுவிடும். ஆகவே 6.5 மில்லிமீற்றரில் கிடைத்த செப்புச் சன்னங்கள் பெரும்பாலும் 8 கிராமைச் சுற்றியே இருந்தன. அந்த ஆண்டின் 9 கிராம் விதி அவற்றை எல்க்குக்கு அனுமதிக்கவில்லை. செப்பில்தான் சுடுவேன் என்று முதலிலேயே உறுதி செய்திருந்தால் .308 வாங்கியிருக்க வேண்டும். துணுக்குச் சிதறாத ஒட்டுச் சன்னத்தைத் தேர்ந்தெடுத்து, காயத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிவது என்ற வழியில் நான் நின்றேன்.

ஜூலையில் எல்லாம் குலைந்தது. ஆறு சென்ரிமீற்றருக்குள் துளைத்துவந்த அதே தோட்டா, ஒரு மாலையில் இருபது சென்ரிமீற்றருக்குச் சிதறியது. மருந்தின் தொகுதி மாறிவிட்டதென்று பெட்டியை மாற்றினேன்; குழலைக் கரைசலிட்டுத் துடைத்தேன்; கண் ஒடுங்கும் பழக்கம் திரும்பிவிட்டதோ என்று பயிற்சித் தோட்டாவால் என்னையே சோதித்தேன். இரண்டு வாரமும் நாற்பது தோட்டாக்களும் போயின. கடைசியில் தொலைநோக்கியைக் கையால் பிடித்து அசைத்தபோது பின்புறத் தாங்கியில் மயிரிழை அளவு ஆட்டம் தெரிந்தது. துப்பாக்கியை விற்ற கடையில் தாங்கியைப் பொருத்தியவர் திருகாணியில் எண்ணெய் இருந்தபடியே முடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. எல்லாத் திருகாணிகளையும் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, புரிப்பசை ஒரு துளி தடவி, முறுக்களவு காட்டும் சாவியால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முடுக்கினேன். அடுத்த ஐந்து வெடிகள் ஐந்தரை சென்ரிமீற்றருக்குள் விழுந்தன. தோட்டாவைக் குறை சொல்லும் முன் திருகாணிகளைப் பார்க்க வேண்டும் என்பதை, நாற்பது தோட்டாக்களின் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

குறியை 150 மீற்றருக்குச் சரிசெய்தேன். அப்போது 100 மீற்றரில் சன்னம் நான்கு சென்ரிமீற்றர் மேலே படும். 200 மீற்றரில் பத்து சென்ரிமீற்றர் தாழும். எங்கள் காட்டில் 150 மீற்றருக்கு மேல் தெளிவாகத் தெரியும் இடங்களே குறைவு. அதற்கு அப்பால் சுடுவதில்லை என்று எனக்கு நானே எல்லை வகுத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் பெருவிலங்கு வேட்டைக்கு முன் அனைவரும் எடுக்க வேண்டிய சூட்டுத் தேர்வில், முப்பது பயிற்சி வெடிகளுக்குப் பின், 100 மீற்றரில் நிற்கும் மான் உருவின் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடிகளையும் இட்டேன்.

ஓகஸ்டில் ரோ மான் கிடா ஒன்று அறுபது மீற்றரில் கிடைத்தது. எல்க்குக்கான அதே கனத்த சன்னம் இவ்வளவு சிறிய உடலில் இறைச்சியைச் சிதைத்துவிடுமோ என்று அஞ்சியிருந்தேன். வேகம் குறைந்த சன்னம் ஆதலால் விலா எலும்புகளுக்கிடையே நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிட்டது. எறிய வேண்டியிருந்தது இரண்டு கையளவு இறைச்சி மட்டுமே. வேகமான இலேசுச் சன்னத்தால் முன்தொடை முழுவதையும் இழந்த ஒரு மானை அடுத்த வாரம் பக்கத்துக் குழுவின் கொட்டிலில் பார்த்தேன்.

எல்க்குக்காக ஒக்டோபர் வரை காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நாயின் குரைப்பு சதுப்பைச் சுற்றிக்கொண்டு என் பக்கமாக வந்தது. கொம்பில்லாத இளம் எல்க் ஒன்று பூர்ச்ச மரங்களுக்கிடையில் பக்கவாட்டாக நின்றது. பின்னால் மேடு, குறுக்கே ஆளில்லை. தொலைவு எண்பது மீற்றர். முன்காலின் பின்புறக் கோட்டில், உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறுக்குக்கோட்டை வைத்து விசையை அழுத்தினேன். வெடிக்கும்போது கண் திறந்திருந்தது. ரோமம் சிலிர்த்ததையும் முன்கால் மடங்கியதையும் கண்டேன். அது நாற்பது மீற்றர் ஓடி நின்று, சாய்ந்தது. அழைப்பில் தயாராக வைத்திருந்த தேடல் நாய்க்கு வேலை ஏற்படவில்லை.

தோலுரிக்கும்போது சன்னம் தன் வழியில் ஒரு விலாவை முறித்து, இரண்டு நுரையீரல்களையும் கடந்து, மறுபக்கத் தோளெலும்பையும் உடைத்துவிட்டு, தோலுக்கு உட்புறமாக நின்றிருந்தது தெரிந்தது. கத்தி நுனியால் அதை எடுத்து வெந்நீரில் கழுவி, பத்திரிகைக் கட்டில் எடுத்தவற்றின் பக்கத்தில் வைத்து நிறுத்தேன். 9.2 கிராம், அகலம் 14 மில்லிமீற்றர். குறிப்பேட்டில் அந்த வரியை எழுதி, அதன் கீழே பெட்டியின் தொகுதி எண்ணையும் எழுதினேன். அடுத்த பருவத்துக்கு அதே தொகுதியில் இன்னும் மூன்று பெட்டிகள் அலுமாரியில் இருக்கின்றன.